இருபது கோடியில் ஒன்றைப் பிடிப்பது

ஒன்றுக்குத் துளி, ஒன்றுக்குக் குழாய்

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லாமல் இருப்பது இப்போது அபூர்வம். விரல் நுனியில் ஒரு குத்து, பட்டையில் ஒரு துளி, ஐந்தாறு விநாடியில் எண் வந்துவிடுகிறது. அதே வீட்டில் இன்னொருவருக்குத் தைராய்டு கோளாறு என்றால் கதை வேறு. காலையில் லேபுக்குப் போய், கையை நீட்டி, ஒரு குழாய் இரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும். ரிப்போர்ட் சாயந்திரம் வரும், இல்லையென்றால் மறுநாள். இரண்டிலும் தேடுவது இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு பொருளைத்தான். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்?

எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 90 என்றால், 100 மில்லிலிட்டரில் 90 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று பொருள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம். அந்தச் சர்க்கரையை அடக்கி ஆளும் இன்சுலின் அதே ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு இருக்கும்? ஆரோக்கியமானவருக்கு வெறும் வயிற்றில் சுமார் 0.35 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம். கணக்குப் போட்டால் சர்க்கரை, இன்சுலினைப்போல் இருபத்தைந்து லட்சம் மடங்குக்கும் மேல்.

இப்படிக் கொட்டிக் கிடக்கும் பொருளை அளப்பது எளிது. குளுக்கோமீட்டர் பட்டையில் குளுக்கோஸை மட்டுமே தொடும் ஒரு நொதி தடவப்பட்டிருக்கிறது. நொதி வேலை செய்யும்போது எழும் சின்ன மின்னோட்டத்தை மீட்டர் படித்துவிடுகிறது. இன்சுலினுக்கு இது நடக்காது. அது ஒரு புரதம். சுற்றிலும் மிதப்பவையும் புரதங்கள்தான், மில்லிலிட்டருக்குச் சுமார் 70 மில்லிகிராம். எடைக் கணக்கில் இருபது கோடிக்கு ஒன்று. புரதத்தைக் காட்டும் எந்த ரசாயனத்தை ஊற்றினாலும் அந்த இருபது கோடியும் சேர்ந்துதான் நிறம் மாறும்.

முயலும் தவளையும்

ஹார்மோனைப் பார்க்க முடியாது; அது செய்யும் வேலையைப் பார்க்கலாம் அல்லவா? இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க இந்த யோசனையில்தான் ஓடியது.

டொராண்டோவில் 1922இல் இன்சுலினை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, தயாரித்த மருந்தின் வீரியத்தைச் சொல்ல முயல்களை நம்ப வேண்டியிருந்தது. பட்டினி போட்ட முயலின் இரத்தச் சர்க்கரையை 45 மில்லிகிராமுக்கு இறக்கும் அளவை ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் "காலையில் பத்து யூனிட்" என்று சொல்லும்போது, அந்த யூனிட்டின் பூர்வீகம் ஒரு முயல்.

கர்ப்பப் பரிசோதனையும் அப்படித்தான். பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்ற இருவர் 1920களின் இறுதியில், பெண்ணின் சிறுநீரை இளம் பெண் சுண்டெலிகளுக்கு ஊசியாகப் போட்டு, சில நாள் கழித்து அவற்றை அறுத்து, கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சூலகங்கள் வளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள். பிறகு லான்ஸ்லாட் ஹாக்பென் தென்னாப்பிரிக்காவின் நகத் தவளையைக் கொண்டுவந்தார். ஊசி போட்ட தவளை மறுநாள் காலைக்குள் முட்டையிட்டிருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். தவளையைக் கொல்ல வேண்டாம், சில வாரம் கழித்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் ஆய்வகங்கள் தொட்டியில் தவளை வளர்த்தன.

மருந்தின் வீரியத்துக்கு முயல் போதும். ஆனால் சாதாரண மனிதர் ஒருவரின் இரத்தத்தில் இருக்கும் இன்சுலின் ஒரு முயலை அசைக்கக் காணாது. அதனால் ஒரு மோசமான நிலைமை: சர்க்கரை நோய்க்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இன்சுலின் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த நோயாளியின் உடலிலேயே இன்சுலின் இருக்கிறதா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

பிராங்ஸ் மருத்துவமனையில் ஒரு சாமான் அறை

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனை. துப்புரவுப் பொருள்கள் வைக்கும் ஒரு சிற்றறையைக் கதிரியக்க ஆய்வகமாக மாற்றி 1940களின் இறுதியில் வேலையைத் தொடங்கியவர் ராசலின் யாலோ. படித்தது இயற்பியல். 1950இல் அவருடன் சேர்ந்த சாலமன் பெர்சன் மருத்துவர். ஒருவருக்கு உயிரியல் பாடம் அதிகம் கிடையாது, மற்றவருக்கு இயற்பியல் கிடையாது. இருபத்திரண்டு ஆண்டுகள் பிரியாமல் வேலை செய்தார்கள்.

அவர்கள் ஹார்மோனை அளக்கும் வழியைத் தேடிப் புறப்படவில்லை. அப்போது ஆர்தர் மிர்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார்: பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்கத்தான் செய்கிறது, உடல் அதை வேகமாக அழித்துவிடுகிறது என்று. இதைச் சோதிக்க, இன்சுலினில் கதிரியக்க அயோடினை ஒட்டி, ஆட்களுக்கு ஊசியாகப் போட்டு, எவ்வளவு நேரத்தில் இரத்தத்திலிருந்து மறைகிறது என்று பார்த்தார்கள். நோயாளிகளுக்குச் சீக்கிரம் மறைய வேண்டும். நடந்தது நேர் எதிர். முன்பே இன்சுலின் ஊசி போட்டுவந்தவர்களின் இரத்தத்தில் அது வெகுநேரம் தங்கியது.

எதுவோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அன்றைய இன்சுலின் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து வந்தது. அந்நியச் சரக்கைக் கண்ட உடல், கிருமிகளை எதிர்க்கத் தயாரிக்கும் அதே வகைப் புரதத்தை இன்சுலினுக்கு எதிராகவும் தயாரித்துவிட்டது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய ஒரு பொருளை மட்டுமே பிடிக்கும்.

இதை யாரும் நம்பவில்லை. இன்சுலின் மிகச் சிறிய புரதம், அதற்கெல்லாம் எதிர்ப்பொருள் உருவாகாது என்பது அன்றைய பாடம். கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பின. தலைப்பிலிருந்து எதிர்ப்பொருள் என்ற சொல்லை எடுத்த பிறகுதான் 1956இல் அது அச்சேறியது. யாலோ அந்த நிராகரிப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை. 1977இல் நோபல் உரை நிகழ்த்தியபோது அதையும் சேர்த்தே வெளியிட்டார். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு பொறுமையாகத் தீர்க்கப்பட்ட பழைய கணக்குகள் அதிகம் இல்லை.

நூறு இலைப் பந்தி

எதிர்ப்பொருள் இருபது கோடிக் கூட்டத்தில் இன்சுலினை மட்டும் பிடிக்கிறது. ஆக, முயல் செய்யாததை இது செய்யும். ஆனால் எவ்வளவு பிடித்தது என்று எப்படி எண்ணுவது? இங்கேதான் அவர்களுடைய மூளை வேலை செய்தது.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு இலை, ஒரே பந்தி, மறு பந்தி கிடையாது. நாம் நெற்றியில் குங்குமம் வைத்த நூறு பேரை அனுப்புகிறோம். வேறு யாரும் வராவிட்டால் நூறு இலையிலும் குங்குமக்காரர்கள்தான். இப்போது குங்குமம் வைக்காத நூறு பேரும் உள்ளே நுழைந்தால்? இருநூறு பேருக்கு நூறு இலை. யாருக்கும் சலுகை இல்லை என்றால் குங்குமக்காரர்களில் ஐம்பது பேருக்குத்தான் இலை கிடைக்கும். குங்குமம் இல்லாதவர்கள் முந்நூறு பேர் என்றால் இருபத்தைந்து பேருக்கு.

இதைத் திருப்பிப் போடுங்கள். மண்டபத்துக்குள் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பந்தியில் குங்குமக்காரர்களை மட்டும் எண்ணுகிறோம், நாற்பது. நூறு பேரில் நாற்பது பேருக்கு இலை கிடைத்திருக்கிறது என்றால், நூறு இலைக்குப் போட்டியிட்டவர்கள் மொத்தம் இருநூற்றைம்பது. நம் ஆட்கள் நூறு போக, அழைக்காமல் வந்தவர்கள் நூற்றைம்பது. ஒருவரைக்கூட நேரில் எண்ணாமல் கண்டுபிடித்துவிட்டோம்.

இலைகள்தான் எதிர்ப்பொருள். குங்குமக்காரர்கள் கதிரியக்க அயோடின் ஒட்டிய இன்சுலின். குங்குமம் இல்லாதவர்கள் நோயாளியின் இரத்தத்திலுள்ள இன்சுலின்.

யாலோவும் பெர்சனும் கினியா பன்றிகளுக்கு இன்சுலின் போட்டு அவற்றின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை எடுத்தார்கள். அது மனித இன்சுலினையும் பிடித்துக்கொண்டது. ஒரு குழாயில் அளந்த எதிர்ப்பொருள், அளந்த கதிரியக்க இன்சுலின், நோயாளியின் பிளாஸ்மா மூன்றையும் கலந்து குளிரில் சில நாள் விட்டார்கள். பிறகு பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு காகிதப் பட்டை போதுமானதாக இருந்தது. தனியாக இருக்கும் இன்சுலின் காகிதத்தில் விட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பொருளின் பிடியில் இருப்பது மின்சாரத்தின் இழுப்பில் நகர்ந்து போகும். இரண்டு இடத்திலும் கதிரியக்கத்தை எண்ணினால் பிடிபட்டது எத்தனை, விடுபட்டது எத்தனை என்று தெரிந்துவிடும்.

நிஜத்தில் பந்திக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. எல்லா எதிர்ப்பொருளும் ஒரே இறுக்கமாகப் பிடிப்பதில்லை. அதனால் நோயாளியின் குழாயோடு, தெரிந்த அளவு இன்சுலின் ஊற்றிய குழாய்களையும் வரிசையாக வைத்து, எந்த அளவுக்கு எவ்வளவு பிடிபடுகிறது என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்வார்கள். நோயாளியின் எண் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறதோ அதுதான் விடை. உங்கள் ஊர் லேபில் இருக்கும் பெரிய இயந்திரத்துக்குள்ளும் இந்த வளைகோடு இன்றும் இருக்கிறது.

இப்படிப் பெற்ற அளவீடுகளை 1960இல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் பலருக்கு இன்சுலின் இல்லாமல் இல்லை, சிலருக்கு அதிகமாகவே இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் செவி கொடுக்கவில்லை. இன்று டாக்டர்கள் சொல்லும் இன்சுலின் எதிர்ப்புநிலை இதுதான்.

இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. பெர்சன் 1972இல் இறந்தார். இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது என்பதால் 1977இல் இவ்விருவரில் யாலோவுக்கு மட்டுமே பரிசு. அதற்கு முன்பே தன் ஆய்வகத்துக்கு பெர்சன் பெயரை வைக்கச் செய்திருந்தார் அவர். ஆய்வகத்தின் பெயர் கட்டுரையில் அச்சாகும் அல்லவா, தன் ஒவ்வொரு கட்டுரையிலும் பெர்சன் பெயர் வர வேண்டும் என்பது எண்ணம்.

இரண்டு கைப்பிடி

கதிரியக்கப் பொருளைக் கையாள்வது தொல்லை. ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் இருவரும் 1971இல் அயோடினுக்குப் பதில் நிறம் உண்டாக்கும் நொதியை ஒட்டினார்கள். எலைசா என்று நாம் கேள்விப்படும் சோதனை அது. இன்று பெரும்பாலும் ஒளிவிடும் ரசாயனத்தை ஒட்டுகிறார்கள். ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் சி.எல்.ஐ.ஏ. என்றோ இ.சி.எல்.ஐ.ஏ. என்றோ இருக்கும், பாருங்கள். யாரும் படிக்காத அந்த வரி, வெளிச்சத்தை எண்ணித்தான் உங்கள் ஹார்மோனைக் கணக்கிட்டார்கள் என்று சொல்கிறது.

பெரிய ஹார்மோன்களுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஒரே ஹார்மோனை இரண்டு எதிர்ப்பொருள்கள் இரண்டு பக்கமும் பிடிக்கும். ஒன்று அதை ஓர் இடத்தில் கட்டிப் போடும், மற்றது ஒளிவிடும். இரண்டும் பிடித்தால்தான் வெளிச்சம். இதில் போட்டி இல்லை: ஹார்மோன் கூடக்கூட ஒளியும் கூடும். முந்தைய போட்டிச் சோதனையில் ஹார்மோன் கூடினால் ஒளி குறையும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை இந்த இரட்டைப் பிடி முறைதான். எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை, ஊர்ந்து வரும் வண்ணத் துகளில் ஒட்டிய எதிர்ப்பொருள் ஒன்று பிடிக்க, கோட்டில் காத்திருக்கும் இன்னொன்று மறுபக்கம் பிடிக்கிறது. வண்ணம் அங்கே குவிகிறது. அதுதான் இரண்டாவது கோடு.

அப்படியானால் தைராய்டுக்கும் ஒரு பட்டை போதாதா? கர்ப்பத்தில் கேள்வி ஆமா, இல்லையா என்பது மட்டும். ஆரம்ப வாரங்களில் எச்.சி.ஜி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இன்று தெரியாவிட்டால் நாலு நாளில் தெரிந்துவிடும். தைராய்டில் கேள்வி எவ்வளவு என்பது. டி.எஸ்.எச். 3 என்றால் ஒன்றுமில்லை, 6 என்றால் யோசிக்க வேண்டும், 0.05 என்றால் வேறு நோய். இத்தனை நுட்பத்தைக் கண்ணால் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

டி.எஸ்.எச்.சைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் பலருக்கும் குழப்பம். அது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன். சுரப்பி சோம்பினால் பிட்யூட்டரி அதட்டுவது கூடும். அதனால் எண் ஏறினால் தைராய்டு குறைவு என்று பொருள். தைராய்டின் சொந்தச் சரக்கான டி4 கொஞ்சம் குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும் என்பதால்தான் டாக்டர்கள் முதலில் இதைப் பார்க்கிறார்கள். டி4ஐ அளப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. இரத்தத்தில் அதில் 99.97 சதவீதம் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சும்மா திரிகிறது. ஒட்டாத மிச்சம்தான் வேலை செய்கிறது. ரிப்போர்ட்டில் எஃப்.டி4 என்று வருவது அந்த மிச்சம்.

மணி என்ன?

கார்டிசால் என்ற ஹார்மோன் 15 என்று ரிப்போர்ட் வந்தால் நல்லதா, கெட்டதா? காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தம் என்றால் சரியான அளவு. நள்ளிரவில் எடுத்தது என்றால், கார்டிசால் மிகையாகும் குஷிங் நோயா என்று சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் அது அடிமட்டத்தில் இருக்க வேண்டும். ஒருவரை நள்ளிரவில் ஊசியால் குத்தினால் அந்தப் பதற்றத்திலேயே கார்டிசால் ஏறிவிடும். அதனால் படுக்கப் போகும்முன் வீட்டிலேயே ஒரு பஞ்சுச் சுருளை வாயில் ஊறவைத்து, உமிழ்நீரில் அளக்கும் வழி வந்தது.

வளர்ச்சி ஹார்மோன் இன்னும் மோசம். விட்டுவிட்டுச் சுரக்கும், பெரும்பகுதி தூக்கத்தில். பகலில் எடுத்த ஒற்றை இரத்த மாதிரியில் அது இல்லாததுபோலவே இருக்கலாம். குழந்தை உயரமாக வளரவில்லை என்று வருகிறவர்களுக்கு ஒரே ஒரு முறை இந்த ஹார்மோனை அளந்து பார்ப்பது வீண் செலவு. அதன் தூண்டுதலால் உண்டாகி, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ஐ.ஜி.எஃப்.1ஐ அளக்கிறார்கள், இல்லையென்றால் மருந்து கொடுத்துத் தூண்டிவிட்டு அடுத்தடுத்து இரத்தம் எடுக்கிறார்கள்.

டி.எஸ்.எச்.சும் இரவில் ஏறி, பிற்பகலில் இறங்கும். போன முறை காலை ஏழு மணிக்கும் இந்த முறை மதியம் இரண்டு மணிக்கும் கொடுத்துவிட்டு எண் குறைந்ததே என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் இரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்வது நல்லது. விழுங்கிய சில மணி நேரத்துக்கு எஃப்.டி4 தூக்கலாகக் காட்டும்.

முகம் ஒன்று, ஆள் வேறு

எதிர்ப்பொருள் ஹார்மோனை முழுதாகப் பார்ப்பதில்லை, ஒரு மூலையைத்தான் பிடிக்கிறது. அந்த மூலை ஒத்திருந்தால் ஏமாறும். ஸ்டீராய்டு ஹார்மோன்களில் இது பெரிய தலைவலி. டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதன் உறவுக்காரப் பொருள்களுக்கும் சில அணுக்கள்தான் வித்தியாசம். ஆண்களுக்கு அளவு தாராளம் என்பதால் பிழை பெரிதாகத் தெரியாது. பெண்களுக்கு அதில் சிறு பங்குதான். பி.சி.ஓ.டி. என்ற சூலகக் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகத்தில் இந்தச் சோதனைக்குப் போகும் பெண்களின் விஷயத்தில் சாதாரண எதிர்ப்பொருள் சோதனையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. இதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இயந்திரம் இருக்கிறது; மூலக்கூறுகளைப் பிரித்து, உடைத்து, துண்டுகளின் நிறையை வைத்து அடையாளம் காண்கிறது. விலையும் அதிகம், இயக்கத் தேர்ந்த ஆளும் வேண்டும் என்பதால் எல்லா லேபிலும் இருக்காது.

முடிக்கு ஒரு மாத்திரை

கடைசியாக, கையில் ரிப்போர்ட் வைத்திருக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. முடி கொட்டுகிறது என்றால் கடையில் பயோட்டின் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு வைட்டமின்தான், உடம்புக்குக் கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்; மாத்திரையில் இருப்பது 5,000, 10,000.

பல இயந்திரங்கள் எதிர்ப்பொருளைக் கட்டிப் போட இதே பயோட்டினைத்தான் கயிறாகப் பயன்படுத்துகின்றன. ஸ்டிரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினை விடாப்பிடியாகப் பிடிக்கும். காந்தத் துகளில் ஸ்டிரெப்டாவிடின், எதிர்ப்பொருளில் பயோட்டின். இரண்டும் சேர்ந்ததும் துகளைக் காந்தத்தால் நிறுத்தி மிச்சத்தைக் கழுவிவிடுவார்கள். இரத்தத்திலேயே பயோட்டின் ஏராளமாக இருந்தால், அது முந்திக்கொண்டு துகள்களை அடைத்துவிடும். கட்டப்பட வேண்டிய எதிர்ப்பொருள் கழுவலில் போய்விடும். ஒளி குறையும்.

இப்போது அந்த இரண்டு முறைகளையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டி.எஸ்.எச். இரட்டைப் பிடி முறை: ஒளி குறைந்தால் ஹார்மோன் குறைவு என்று இயந்திரம் சொல்லும். எஃப்.டி4 போட்டி முறை: ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று சொல்லும். டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம். தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயின் ரிப்போர்ட் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ஒன்று கெட்டால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும் என்று டாக்டர் நம்பும் இரண்டு எண்களும் கூட்டாகப் பொய் சொல்கின்றன. பயோட்டின் சோதனைகளைக் குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரிக்கை வெளியிட்டது. அதன்பின் சில நிறுவனங்கள் தங்கள் சோதனைகளைத் திருத்தி அமைத்தன. உங்கள் லேபில் இருப்பது பழையதா, புதியதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

ஆகவே தைராய்டு சோதனைக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தது என்றால் அவரைக் கேட்டு நிறுத்துங்கள். முடிந்தவரை ஒரே லேப், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் ஒன்று சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால், மருந்தை மாற்றுவதற்கு முன் இன்னொரு முறையில் அளந்து பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று இரத்தம் எடுப்பவர் பெரும்பாலும் கேட்க மாட்டார். நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.